தூந்திரத்திலும் பாலைவனத்திலும் மழை ஒரே அளவு. அப்புறம் ஏன் ஓரிடத்தில் சதுப்பு, இன்னோரிடத்தில் மணல்?

ஏழாம்வகுப்பு_அம்மா

வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பு. அடுத்த வாரம் புவியியல் தேர்வு. வானிலை, காலநிலை, இயற்கைத் தாவரம் மூன்றும் சேர்ந்து ஒரே பாடமாக வருகிறது. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள், புவியியலைப் பள்ளியோடு விட்டுவிட்டேன். அவள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை.

அவளுடைய நோட்டில் ஓர் அட்டவணை இருக்கிறது. பகுதியின் பெயர், வெப்பம், ஆண்டு மழை, தாவரம் என்று நான்கு பத்திகள். நேற்று இரவு அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, இரண்டு வரிசைகளில் விரலை வைத்துக் காட்டினாள். வெப்பப் பாலைவனம்: ஆண்டு மழை 250 மி.மீ.க்கும் குறைவு, முட்செடி, கள்ளி. தூந்திரம் (துருவத்தை ஒட்டிய, மரமில்லாத குளிர்ப் பகுதி): ஆண்டு மழை 250 மி.மீ.க்கும் குறைவு, பாசி, மரப்பாசி, குட்டைப்புதர், கோடையில் சதுப்பு நிலம். "அம்மா, ரெண்டுலயும் அதே மழைதானே? ஒண்ணு மணல், ஒண்ணு சேறு. இதுல எது தப்பு?" என்று கேட்டாள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன. காரணம் மட்டும் எங்கேயும் இல்லை.

இரண்டாவது கேள்வி. சைபீரியாவில் வெர்கோயான்ஸ்க் என்ற ஊரில் 2020 ஜூனில் 38 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்ததாக எங்கோ படித்திருக்கிறாள். "அவ்வளவு வெயில்னா இனிமே அங்க வேற காடு வருமா?" என்கிறாள். "வானிலை என்பது குறுகிய காலம், காலநிலை என்பது நீண்ட காலம்" என்ற பாட வரியைப் படித்துக் காட்டினேன். அதில் அவளுக்குத் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை.

தெரிந்தவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

பழைய_புவியியல்_டீச்சர்

அம்மா, முதலில் உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். 26 வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். அந்த அட்டவணையை ஒப்பித்த பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். இரண்டு வரிசைகளை ஒப்பிட்டு இடிக்கிறதே என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நீங்கள் கணக்கு பார்க்கிறவர் என்பதால் உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். மழை என்பது வரவு. செடிக்குக் கையில் என்ன மிஞ்சுகிறது என்று தெரிய வேண்டுமானால் செலவையும் பார்க்க வேண்டுமே! தண்ணீருக்குச் செலவு இரண்டு வழி. வெயிலும் காற்றும் மேலே இழுத்துக்கொள்வது ஒன்று, அதுதான் ஆவியாதல். மண் வழியாகக் கீழே இறங்கிப் போவது இன்னொன்று. அட்டவணையில் வரவுப் பத்தி மட்டும் இருக்கிறது. செலவுப் பத்தியைக் காணோம். உங்கள் மகள் கண்டுபிடித்த ஓட்டை அதுதான்.

சகாராவில் ஒரு வருஷத்தில் 2,000 மி.மீ.க்கும் மேல் தண்ணீரை ஆவியாக்கக்கூடிய வெப்பம் இருக்கிறது. அங்கே 250 மி.மீ. பெய்தாலும், எட்டு மடங்கு செலவு செய்யத் தயாராக இருக்கிற வீட்டில் விழுந்த வரவு அது. விழுந்த வேகத்தில் காணாமல் போகும். தூந்திரத்தில் மிகவும் சூடான மாதத்தின் சராசரி வெப்பமே 10 டிகிரியைத் தாண்டாது. வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீர் உறைந்தே கிடக்கிறது. மேலே போகிற செலவு மிகக் குறைவு. கீழேயும் போக முடியாது, ஏனென்றால் அடியில் நிரந்தர உறைபனி நிலம் இருக்கிறது. மண்ணும் அதிலுள்ள நீரும் சேர்ந்து வருஷக்கணக்கில் இறுகிக் கிடக்கிற அடுக்கு அது. கோடையில் மேல்தோல் மட்டும் கொஞ்ச ஆழத்துக்கு உருகும். உருகிய நீர் அந்த இறுகிய அடுக்கின் மேல், அடைத்த தொட்டியில் நிற்பதுபோல் நின்றுவிடும். குறைந்த வரவு, அதைவிடக் குறைந்த செலவு. அதனால்தான் சேறு.

இதைச் சொல்லி மட்டும் விட்டுவிடாதீர்கள். செய்து காட்டுங்கள், பத்து நிமிஷ வேலைதான். ஒரே மாதிரி இரண்டு தட்டுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் தண்ணீர். ஒன்றை உச்சி வெயிலில் வையுங்கள், இன்னொன்றை ஃபிரிட்ஜில் வையுங்கள். அப்புறம் இரண்டு சிறிய பூந்தொட்டிகளில் மண் நிரப்பி, ஒன்றின் அடித் துளையைக் களிமண்ணால் இறுக அடைத்துவிட்டு, இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். எதில் மேலே தண்ணீர் நிற்கிறது என்று அவளே பார்க்கட்டும். எத்தனையோ வகுப்புகளில் இதைச் செய்திருக்கிறேன். தொட்டியில் தண்ணீர் தேங்கும்போது பிள்ளைகள் முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகவே ஒவ்வொரு வருஷமும் இந்தப் பாடம் எப்போது வரும் என்று காத்திருப்பேன்.

வரவு செலவு புரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, வரவு எந்த மாதம் வருகிறது என்பது. லண்டனில் வருஷத்துக்குச் சுமார் 600 மி.மீ. மழைதான். அது பன்னிரண்டு மாதங்களுக்கும் பரவலாகப் பெய்கிறது, வெயிலும் மிதம். அதனால் அந்தப் பகுதியின் இயற்கைத் தாவரம் ஓக் மாதிரியான அகன்ற இலை மரங்கள் நிறைந்த காடு. அதே 600 மி.மீ. வெப்பமண்டலத்தில் மூன்று மாதங்களில் கொட்டிவிட்டு, மீதி ஒன்பது மாதம் வெயில் காய்ந்தால் முட்புதர்தான் மிஞ்சும். மத்தியதரைக்கடல் காலநிலையைப் பாருங்கள். மழை குளிர்காலத்தில் பெய்கிறது, செடி வளரத் துடிக்கிற கோடையில் சொட்டுகூட இல்லை. அதனால் ஆலிவ் போன்ற மரங்களின் இலை சிறியது, தடித்தது, மெழுகு பூசியதுபோல் இருப்பது. மத்தியதரைக்கடல் ஓரம், கலிபோர்னியா, நடு சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் முனை, தென்மேற்கு ஆஸ்திரேலியா என ஐந்தும் ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. செடிகளின் குடும்பம் வேறு, இனம் வேறு. ஆனால் எல்லா இடத்திலும் அதே சின்ன, கெட்டி இலை! கேள்வி ஒன்று, பதிலும் ஒன்று. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வகுப்பில் உலகப் படத்தை விரித்து வைத்து இந்த ஐந்து இடங்களையும் தொடச் சொல்வேன். ஐந்தும் கண்டங்களின் மேற்கு, தென்மேற்கு ஓரங்களில் இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இலை உதிர்ப்பதும் அப்படித்தான். "இலையுதிர் காடு" என்று ஒரே பெயரில் இரண்டைக் கலந்துவிடுகிறோம். பருவக்காற்றுக் காட்டின் தேக்கு வறண்ட மாதங்களில் உதிர்க்கிறது, மண்ணில் தண்ணீர் இல்லை என்பதால். மிதவெப்பக் காட்டின் ஓக், மேப்பிள் குளிர்காலத்தில் உதிர்க்கின்றன. அங்கே வெளிச்சம் குறைவு, மண்ணில் இருக்கிற தண்ணீரும் உறைந்துபோய் வேருக்கு எட்டாது. உறைந்த நீர் செடிக்கு இல்லாத நீர்தான். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் ஊசியிலைக் காடும் புரியும். ஊசி மாதிரி இலை, மேலே மெழுகு, நீர் வெளியேறுகிற பரப்பு குறைவு. இலையை உதிர்க்காததால் வசந்தம் வந்த அன்றைக்கே வேலை தொடங்கிவிடலாம். அந்தக் குறுகிய கோடையில் புதிதாக இலை விட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது?

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கிளிமஞ்சாரோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அடிவாரத்தில் புல்வெளி, மேலே காடு, அதற்கும் மேலே புதர், 5,895 மீட்டர் உச்சியில் பனிக்கட்டி. 1802-ல் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் தென் அமெரிக்காவின் சிம்போராசோ மலையில் 5,800 மீட்டருக்கு மேல் ஏறினார். எந்த உயரத்தில் எந்தச் செடி என்று அந்த மலையை நெடுக்காக வெட்டியதுபோல் ஒரு படமாக்கி, 1807-ல் வெளியிட்டார். அந்தப் படத்தைத் தேடி உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். அட்டவணையைவிட அது ஆயிரம் மடங்கு பேசும்.

வெர்கோயான்ஸ்க் கேள்விக்கு என்னைவிட வானிலைத் துறையில் இருந்தவர்கள் யாராவது நன்றாகச் சொல்வார்கள்.

மழைமானி

நான் 31 வருஷம் வானிலை நிலையத்தில் பதிவாளராக இருந்தவன். தினமும் குறித்த நேரத்தில் வெள்ளைப் பெட்டியைத் திறந்து வெப்பமானி பார்ப்பது, மழைமானி நீரை அளப்பது, எழுதுவது. பெட்டிக்கு வெள்ளை அடிப்பதும், பக்கங்களில் சாய்வுச் சட்டங்கள் வைப்பதும் நேர் வெயில் வெப்பமானியில் படாமல், காற்று மட்டும் புகுந்து போவதற்காக. நாம் அளப்பது காற்றின் வெப்பத்தை. வெயிலில் காயும் இரும்பின் வெப்பத்தை அல்ல.

நான் எழுதிய ஒவ்வொரு வரியும் வானிலை. அப்படி எழுதிய வரிகளை 30 வருஷத்துக்குச் சேர்த்துச் சராசரி எடுத்தால் வருவது காலநிலை. உலக வானிலை அமைப்பு இப்போது அடிப்படையாக வைத்திருப்பது 1991 முதல் 2020 வரையிலான காலம். ஏன் 30? ஒரு வருஷம் மழை பொய்க்கும், ஒரு வருஷம் கொட்டும். பத்து வருஷப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் நல்ல பத்தா கெட்ட பத்தா என்று தெரியாது. என் சொந்தப் பதிவேடுகளிலேயே அதைப் பார்த்திருக்கிறேன். சராசரியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தவும் கூடாது. எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பதும் காலநிலையின் பகுதிதான்.

வெர்கோயான்ஸ்க் செய்தி உண்மை. 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே பதிவான மிக அதிக வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டது. அதே ஊரில் 1892 பிப்ரவரியில் மைனஸ் 67.8 பதிவாகியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 105 டிகிரிக்கும் மேல் வித்தியாசம்! கடல் வெகு தூரத்தில் இருப்பதால்தான் இந்த ஏற்ற இறக்கம். நிலம் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் குளிரும். கடல் இரண்டிலும் நிதானம்.

இப்போது காட்டுக்கு வருவோம். ஒரு மரம் ஒரு நாள் வெயிலைத் தாங்கினால் போதாது. அது நிற்கிற நூறு, இருநூறு வருஷத்தின் அத்தனை குளிர்காலங்களையும் தாங்க வேண்டும். ஜூனில் ஒரு நாள் 38 அடித்தது என்று ஒரு வெப்பமண்டல விதை அங்கே முளைத்தாலும், ஜனவரியில் அது உயிரோடு இருக்காது. அங்கே காடாக நிற்பது லார்ச். ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்தில் ஊசிகளை உதிர்த்துவிடுகிற மரம் அது. அவ்வளவு குளிரில் ஊசியைக் காப்பாற்றுவதைவிட உதிர்ப்பதே மேல்.

ஒரு நாள் வெப்பம் காட்டை மாற்றாது. ஆனால் அந்த 30 வருஷச் சராசரியே மேலே நகர்ந்துகொண்டிருந்தால் நிச்சயம் மாற்றும். ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட வேகமாகச் சூடாகிவருகிறது. தூந்திரத்தில் பல இடங்களில் புதர்கள் பரவி உயர்ந்து வருவதும் பதிவாகியிருக்கிறது. ஆகவே உங்கள் மகளின் கேள்வியைத் தவறு என்று தள்ளிவிடாதீர்கள்.

டீச்சர் சொன்ன வரவு செலவுக்கு ஒரு கணக்கும் உண்டு. காலநிலை ஆய்வாளர் விளாதிமிர் கோப்பன் 1846-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர், தாவரவியல் படித்தவர். காலநிலையைப் பிரிக்கத் தாவரங்களின் எல்லைகளைத்தான் அடையாளமாக வைத்துக்கொண்டார். சூடான மாதத்தின் சராசரி 10 டிகிரி என்ற கோடு மரங்களின் எல்லைக்காகத்தான். வறண்ட இடமா இல்லையா என்று பார்க்க அவர் முறையில் இப்படிச் செய்வார்கள்: ஆண்டுச் சராசரி வெப்பத்தை 20-ஆல் பெருக்கி, அதோடு 140-ஐக் கூட்டுங்கள். மழையில் 70 சதவீதமோ அதற்கு மேலோ சூடான ஆறு மாதங்களில் பெய்தால் 140-க்குப் பதில் 280. அந்த அளவு குளிர்ந்த பாதியில் பெய்தால் எதையும் கூட்ட வேண்டாம். வருகிற எண்ணை விட மழை மி.மீ. குறைவாக இருந்தால் வறண்ட பகுதி. பாதியைவிடக் குறைவாக இருந்தால் பாலைவனம்.

சராசரி 27 டிகிரி உள்ள இடத்துக்குப் போட்டுப் பாருங்கள். 540-உடன் 140 சேர்ந்தால் 680, அதில் பாதி 340. மழை 250, ஆகவே பாலைவனம். சராசரி மைனஸ் 10 உள்ள தூந்திரத்துக்குப் போட்டால் மைனஸ் 200-உடன் 140, அதாவது மைனஸ் 60. எவ்வளவு குறைவாக மழை பெய்தாலும் அந்த எண்ணைவிடக் குறையாது. வெர்கோயான்ஸ்கில் ஆண்டு மழையும் பனியும் சேர்த்தே 200 மி.மீ.க்கும் குறைவுதான், அங்கே காடு நிற்கிறது.

தேர்வுத்தாள்

மேலே இரண்டு பேர் சொன்னதும் அருமை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள மாட்டேன். அட்டவணையைக் கைவிடச் சொல்லாதீர்கள். எட்டு வருஷமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். காரணம் நன்றாகப் புரிந்த பிள்ளை, தேர்வில் மிதவெப்பப் புல்வெளிகளில் பிரெய்ரி எந்தக் கண்டம், பாம்பாஸ் எந்தக் கண்டம் என்று மாற்றி எழுதி மதிப்பெண்ணை விட்டுவிட்டு வந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். பிரெய்ரி வட அமெரிக்கா, பாம்பாஸ் தென் அமெரிக்கா, ஸ்டெப்பி யூரேசியா, வெல்ட் தென்னாப்பிரிக்கா, டவுன்ஸ் ஆஸ்திரேலியா. இதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, மனப்பாடம்தான். காரணத்தையும் சொல்லுங்கள், பெயரையும் படிக்க வையுங்கள்.

பழைய_புவியியல்_டீச்சர்

நியாயம். பெயர் தெரியாமல் பேச முடியாது. அட்டவணையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, அதில் இரண்டு பத்திகள் கூடுதலாக வேண்டும் என்கிறேன்: "எந்த மாதம் மழை", "எவ்வளவு ஆவியாகும்".

ஏழாம்வகுப்பு_அம்மா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தட்டுகளை நேற்று வைத்தோம். வெயிலில் வைத்தது ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டது. ஃபிரிட்ஜில் வைத்தது இன்று காலையிலும் ஈரம். துளை அடைத்த தொட்டியில் தண்ணீர் இன்னும் நிற்கிறது. "இதுதான் தூந்திரம்" என்று அதில் காகிதச் சீட்டு ஒட்டிவிட்டாள்.

மழைமானி ஐயா சொன்ன கணக்கை எல்லா வரிசைக்கும் போட்டுப் பார்த்தாள். சவானாவில் சிக்கிக்கொண்டாள். சராசரி 25 டிகிரி, மழை கோடையில், ஆகவே 500-உடன் 280, மொத்தம் 780. ஆண்டு மழை 1,000 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் வறண்ட பகுதி இல்லை. கணக்கில் மிச்சம் வருகிறதே, அப்புறம் ஏன் அடர்ந்த காடு இல்லாமல் புல்லும் நடுநடுவே மரமும் மட்டும் இருக்கிறது என்று கேட்கிறாள்.

பழைய_புவியியல்_டீச்சர்

அம்மா, இதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. பெரியவர்களே நின்று யோசிக்கிற இடத்துக்கு அவள் தானாகவே வந்துவிட்டாள்.

முதல் பாதி பதில் அவளுக்கே தெரியும். வருஷக் கணக்கில் மிச்சம், மாதக் கணக்கில் இல்லை. சவானாவில் நான்கைந்து மாதம், சில இடங்களில் அதற்கும் மேல், வரவே கிடையாது. அந்த மாதங்களில் புல் மேலே காய்ந்து போகும். உயிர் அடியில் பத்திரமாக இருக்கும். மழை வந்ததும் திரும்பத் தழைக்கும். மரம் அப்படிச் செய்ய முடியாது, முழு உடம்பையும் காப்பாற்றியாக வேண்டும். பவோபாப் மரம் அடிமரத்தில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வறண்ட மாதங்களில் இலையே இல்லாமல் நிற்கிறது. அக்கேசியாவுக்குப் பொடிப்பொடி இலை, ஆழமான வேர், மேய வருகிற விலங்குகளுக்காக முள்.

மீதிப் பாதி அட்டவணையில் எந்தப் பத்தியிலும் இல்லாதது: தீயும் விலங்குகளும். வறண்ட காலத்தின் முடிவில் ஆளுயரக் காய்ந்த புல் நிற்கிறது. ஒரு மின்னல் போதும். தீ ஓடிப் போனதும் புல் அடியிலிருந்து மறுபடி வரும், ஆனால் அப்போதுதான் முளைத்த மரக்கன்று கருகிவிடும். தப்பித்ததை மான்கள் கடிக்கும். வளர்ந்ததை யானை முறித்துத் தள்ளும். மழை ஓரளவு நிறையப் பெய்கிற சவானாவில் பல வருஷம் தீ வராமல் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள், மரங்கள் நெருங்கி வளர்ந்துவிடுகின்றன. ஆகவே அவள் போட்ட கணக்கு சரிதான். காடு வளர அங்கே தண்ணீர் போதும். வளர விடாமல் வேறொன்று தடுக்கிறது.

தேர்வில் "சவானாவில் மரங்கள் ஏன் குறைவு" என்று கேட்டால் நீண்ட வறண்ட காலத்தை முதலில் எழுதச் சொல்லுங்கள், விடைக்குறிப்பில் இருக்கக்கூடியது அதுதான். இடம் இருந்தால் தீயையும் மேய்ச்சலையும் சேர்த்து எழுதட்டும். திருத்துகிறவர் நான் என்றால் அந்தத் தாளை மற்ற ஆசிரியர்களிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவேன்.

ஏழாம்வகுப்பு_அம்மா

அவளிடம் படித்துக் காட்டினேன் டீச்சர். இப்போது அட்டவணையில் ஏழு பத்திகள். கடைசிப் பத்தியின் தலைப்பு "தீ வருமா?". எல்லா வரிசையிலும் நிரப்பிக்கொண்டு வந்தவள், மத்தியதரைக்கடல் வரிசையில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள்.

பழைய_புவியியல்_டீச்சர்

வரும் என்று எழுதச் சொல்லுங்கள். மழையில்லாத கோடை, காய்ந்த புதர், இலையில் எண்ணெய்ப் பசை. அங்கே வளர்கிற கார்க் ஓக் மரத்தின் பட்டை ஏன் அவ்வளவு தடிமன் என்று கேட்டுப் பாருங்கள். பதிலை அவளே சொல்வாள்.